லாரி டிரைவர் மகன் பாலே ஆடினான்: வியாசர்பாடியிலிருந்து ஒரு கேள்வி

வியாசை_நைட்ஷிஃப்ட் | இரவு 1:20

நடனம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட். டிரெய்லர் வந்தால் சீல் நம்பர் பார்த்து என்ட்ரி போடுவேன். அடுத்த வண்டி வரும்வரை கொசுவும் செல்போனும்தான்.

விஷயம் என் அக்கா மகனைப் பற்றியது. பன்னிரண்டு வயது. காலையில் முல்லை நகர் கிரவுண்டில் ஃபுட்பால், சாயங்காலம் பெரிய பையன்களோடு மொட்டைமாடியில் பிரேக் டான்ஸ், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மணலில் பல்டி. மொட்டைமாடியில் அவன் பல்டி அடித்து இறங்கினால் கீழ்வீட்டில் இருக்கிற எங்களுக்குச் சத்தமே கேட்காது. மற்றவன் இறங்கினால் டியூப் லைட் ஆடும். போன மாதம் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க வந்த மாஸ்டர் இதைப் பார்த்துவிட்டு, "இவனை பாலேவில் சேருங்க, ஒரு டீச்சரிடம் நான் பேசறேன்" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பாலே என்றால் ஐரோப்பாக்காரர்களின் மேடை நடனம். தேனாம்பேட்டை பக்கம், வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு.

வீட்டில் அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். "ஆம்பளப் பையன் இறுக்கமா பேன்ட் போட்டுக்கிட்டு நுனிக்கால்ல நடக்கறதா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

யார்டில் உட்கார்ந்து தேடியபோது கார்லோஸ் அகோஸ்டா என்று ஒருவர் வந்தார். கியூபாக்காரர். ஃபுட்பால் பைத்தியம், தெருவில் பிரேக் டான்ஸ், அப்பா லாரி டிரைவர். அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை நடந்துவிட்டு வந்தேன். அப்புறம் அவர் ஆடிய வீடியோவைப் பார்த்தேன். ஓடிவந்து தாவுகிறார். மேலே போனவர் உடனே இறங்கவில்லை. காற்றில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டு, சரி போகலாம் என்று எழுந்து இறங்குகிற மாதிரி இருந்தது. மூன்று முறை திரும்பப் பார்த்தேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது நிஜமாகவே ஒரு பிழைப்பா? பன்னிரண்டு வயது தாமதமா? அந்த மனிதர் எப்படி மேலே வந்தார்?

எண்ணூர்_காத்து | இரவு 1:34

டைட்ஸ் போட்டுக்கொண்டு வியாசர்பாடி மார்க்கெட் வழியாக ஒரு ரவுண்டு போய்விட்டு வரச் சொல்லுங்கள் தலைவா. அதைத் தாண்டிவிட்டால் லண்டன் எல்லாம் சாதாரணம்.

புளியந்தோப்பு_கிளவுஸ் | காலை 6:05

நான் நேராகவே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பையனுக்குக் கால் நன்றாக இருக்கிறது என்றால் பாக்ஸிங்கில் போடுங்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியார் வாத்தியாராக ரிங்கு கட்டி வளர்த்த ஊர் இது. இல்லையென்றால் ஃபுட்பாலிலேயே விடுங்கள். ஸ்டேட் லெவல் சர்டிஃபிகேட் ஒன்று கையில் இருந்தால் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, போலீஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எங்காவது ஒரு கதவு திறக்கும். என் செட்டில் நாலு பேர் அப்படித்தான் வேலைக்குப் போனார்கள். பாலேவுக்கு எந்த ஆபீஸில் கோட்டா இருக்கிறது? அகோஸ்டா கோடியில் ஒருவர். கோடியில் ஒருவரைக் காட்டி ஒரு பையனின் ஆறு வருஷத்தை எடுத்துவிடாதீர்கள்.

பெரம்பூர்_லோகோ | காலை 8:40

லோகோ வொர்க்ஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு மகள் லேப்டாப்பில் பாலே பார்க்கப் பழக்கிவிட்டாள். இப்போது அவள் நிறுத்திவிட்டாள், நான் நிறுத்தவில்லை.

கிளவுஸ் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ரயில்வேயில் கல்ச்சுரல் கோட்டா என்றும் ஒன்று உண்டு. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். அதில் பாலே என்று கேட்டு ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை.

அகோஸ்டா கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிக் கதை கேட்டால் தப்பான முடிவுக்கு வருவோம்.

1973இல் ஹவானாவில் பிறந்தவர். லாஸ் பினோஸ் என்ற ஏழைப் பகுதி. பதினொன்றாவது பிள்ளை. அப்பா பெத்ரோ லாரி டிரைவர், கறுப்பினத்தவர், கரும்புத் தோட்ட அடிமைகளின் வழிவந்த குடும்பம். பையன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தெருவில் திரிகிறான். இவன் திருடனாகிவிடுவான் என்று அப்பாவுக்குப் பயம். ஒன்பது வயதில் பாலே பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார். கலை தாகம் ஒன்றும் இல்லை. அங்கே கட்டணம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு, ஒழுங்கு கற்றுக்கொடுப்பார்கள். இந்த மூன்றும்தான் காரணம்.

பையனுக்குப் பிடித்ததா? சுத்தமாகப் பிடிக்கவில்லை. தெருப் பையன்களின் கேலி வேறு. வகுப்புக்கு மட்டம் போட்டான், பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அப்பா விடவில்லை. மேற்கே பினார் தெல் ரியோ என்ற ஊரில் இருந்த விடுதிப் பள்ளிக்குத் துரத்தினார். அங்கேதான் ஒருநாள் கியூபா தேசிய பாலே குழுவின் ஆட்டத்தைப் பார்க்கிறான். ஒருவர் தாவினார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு துரத்தத் தேவைப்படவில்லை.

1990இல் ஸ்விட்சர்லாந்து லோசானில் நடக்கும் இளையோர் போட்டியில் தங்கப் பதக்கம். வயது பதினாறு. பதினெட்டில் லண்டன் இங்கிலீஷ் நேஷனல் பாலேவில் பிரின்சிபல், அதாவது முதன்மை ஆட்டக்காரர், அந்தக் குழுவில் அதுவரை இல்லாத இளம் வயது. உடனே கணுக்காலில் அறுவை சிகிச்சை, ஊருக்குத் திரும்பல். 1993இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் பாலே, ஐந்து வருஷம். 1998இல் லண்டன் ராயல் பாலே. அங்கே பதினேழு வருஷம்.

இதில் நான் யோசித்த ஒரு விஷயம். இங்கே எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியது 1982 ஜூலை முதல் தேதி. அப்போது அகோஸ்டாவுக்கு ஒன்பது வயது முடிந்து ஒரு மாதம். அதே காலத்தில் சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் போன எத்தனையோ பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாப்பாட்டைக் காட்டிப் பிள்ளையைப் பள்ளிக்குள் இழுக்கும் சூட்சுமம் நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரிந்தது. அவர்கள் அந்தச் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தரையும் ஒரு நல்ல ஆசிரியரையும் வைத்திருந்தார்கள்.

புளியந்தோப்பு_கிளவுஸ் | காலை 9:02

சார், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அங்கே அரசாங்கமே எல்லாம் செய்தது. இங்கே தேனாம்பேட்டை வகுப்புக்குக் கட்டணம் யார் கட்டுவது? நான் சொன்னதைத்தான் நீங்கள் நீட்டிச் சொல்லியிருக்கிறீர்கள்.

பெரம்பூர்_லோகோ | காலை 9:15

பாதி சரி தம்பி. மறுப்பதற்கில்லை.

அரைமண்டி | காலை 11:30

வண்ணாரப்பேட்டையில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். பாலே கற்றவள் இல்லை, ஆனால் உடம்பு பற்றி ஒன்று சொல்லலாம்.

நைட்ஷிஃப்ட் அண்ணா எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது தாவலும் இல்லை, பல்டியும் இல்லை. "கீழ்வீட்டில் சத்தமே கேட்காது" என்ற வரிதான். சத்தமில்லாமல் இறங்குகிறவன் முதலில் விரல், பிறகு பாதம், கடைசியாகக் குதிகால் என்று தரையைத் தொடுகிறான், கூடவே முட்டியை மடக்கி எடையை வாங்கிக்கொள்கிறான். அந்த முட்டி மடிப்புக்கு பாலேவில் பிளியே என்று பெயர். வகுப்பின் முதல் பயிற்சி அதுதான். எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் தினமும் காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்துதான் தொடங்குவார்.

பார்த்தால் பரதத்தில் முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் நம் அரைமண்டி மாதிரியே இருக்கும். இரண்டிலும் தொடை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திரும்பணும், முட்டி கால்விரல் போகும் திசையிலேயே போகணும். பாதத்தை மட்டும் திருப்பி முட்டியை உள்ளே விட்டால் இரண்டிலும் முட்டி போய்விடும். வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் அரைமண்டியில் உட்கார்ந்தால் அங்கேயே குடியிருப்போம். தட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அவர்களுக்கு அது ஸ்பிரிங். கீழே போவதே மேலே போகத்தான்.

ஆண் ஆடுவதைப் பற்றிக் கேலி பேசுகிறவர்களுக்கு: எங்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த நட்டுவனார்கள் எல்லோரும் ஆண்கள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தட்டுக்கழியோடு உட்கார்ந்தால் குரு, எழுந்து ஆடினால் கேலி. என்ன கணக்கோ.

இன்னொன்று. பரதம் என்றால் மயிலாப்பூர், திருவான்மியூர் என்று நினைக்கிறவர்கள், பாலசரஸ்வதி ஜார்ஜ் டவுன் வீட்டில் வளர்ந்தவர் என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும். வீணை தனம்மாளின் பேத்தி. வட சென்னைக்கும் நடனத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கடற்பாலம் | மதியம் 12:10

அகோஸ்டா நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் ராஜா என்றால் சோவியத் ஆட்டக்காரர் நுரேயேவ். ரயிலில் பிறந்தவர், 1938, சைபீரியா வழியாகப் போகும்போது. பதினேழு வயதில்தான் லெனின்கிராட் பள்ளியிலேயே சேர்ந்தார். 1961 ஜூன் 16, பாரிஸ் விமான நிலையத்தில் சோவியத் ஆட்கள் மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது பிரெஞ்சுப் போலீசிடம் அடைக்கலம் கேட்டார். அடுத்த வருஷமே லண்டன் ராயல் பாலே நட்சத்திரம் மார்கோ ஃபான்டெய்னோடு ஜோடி. அவருக்கு 23, அந்த அம்மாவுக்கு 42. ரிட்டயர் ஆகப் போகிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தவர் இவரோடு சேர்ந்து இன்னும் பல வருஷம் ஆடினார். 1964இல் வியன்னாவில் அன்னப்பறவை ஏரி (ஸ்வான் லேக்) பாலே ஆடி முடித்தபோது 89 முறை திரை தூக்க வேண்டியிருந்தது. 89! நம் ஊரில் ஒன்ஸ் மோர் கேட்டாலே மைக்கை அணைத்துவிடுவார்கள்.

பன்னிரண்டு வயது தாமதமா என்று கேட்டவருக்கு நுரேயேவின் பதினேழு போதும் என்று நினைக்கிறேன்.

அரைமண்டி | மதியம் 12:25

நுரேயேவ் என்றதும் நினைவு வருகிறது. சாவதற்கு மூன்று மாதம் முன்பு, 1992 அக்டோபரில், உடம்பு முடியாத நிலையில் பாரிஸ் ஆபராவில் அவர் கடைசியாக மேடையேற்றியது "லா பயதேர்". பயதேர் என்றால் வேறு யாருமில்லை, நம் தேவதாசிதான். 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெத்திபா அமைத்த பாலே. அதற்கும் நாற்பது வருஷம் முன்பே, 1838இல், கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் குழு ஒன்று பாரிஸ் போய் ஆடியிருக்கிறது. அதில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து ஊரே மயங்கி, சிலை வடிக்கும் அளவுக்குப் போயிற்று. இங்கே டைட்ஸைப் பார்த்துச் சிரிக்கிறோம். அங்கே புடவையையும் சலங்கையையும் பார்த்து என்னென்னவோ கற்பனை செய்துகொண்டார்கள்.

இழைக்_காவலர் | மதியம் 12:40

அம்மணி கதைக்குத் தனி இழை திறக்கலாம், அருமையாக இருக்கும். இங்கே பையன் விஷயத்துக்கு வாருங்கள்.

தண்டையார்பேட்டை_பொண்ணு | மாலை 4:50

இங்கிலாந்து நேரம், இப்போதுதான் டியூட்டி முடிந்தது. பர்மிங்ஹாமில் நர்ஸ். பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை.

2020 ஜனவரியிலிருந்து பர்மிங்ஹாம் ராயல் பாலேவுக்கு இயக்குநர் அகோஸ்டாதான். அவர் வந்த மூன்றாவது மாதம் கொரோனா, தியேட்டர் எல்லாம் மூடல், நாங்கள் ஆஸ்பத்திரியில் திண்டாட்டம். 2022இல் அவர் அமைத்த டான் கிஹோதே ஹிப்போட்ரோம் தியேட்டரில் வந்தபோது கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் அக்கா இழுத்துக்கொண்டு போனார். மேல் பால்கனி, விலை குறைந்த சீட். மேலேயிருந்து பார்த்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை, ஆனால் தரை முழுவதும் தெரிந்தது. யார் எங்கிருந்து ஓடி எங்கே இறங்குகிறார்கள் என்று கேரம் போர்டை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி.

டைட்ஸ் கேலிக்காரர்களுக்கு ஒரு விஷயம். அந்தப் பையன்கள் ஒரு பெண்ணை ஒற்றைக் கையில் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறார்கள். முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது, மூச்சு வாங்குவது தெரியக்கூடாது. நான் தினமும் வார்டில் நோயாளிகளைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைக்கிறவள். ஐம்பது கிலோ என்றால் என்ன என்று என் இடுப்புக்குத் தெரியும். டைட்ஸ் எதற்கு என்றால், முட்டி நேராக இருக்கிறதா, தொடை திரும்பியிருக்கிறதா என்று டீச்சருக்கும் தெரியணும், பார்க்கிறவர்களுக்கும் தெரியணும். மல்யுத்தக்காரர் லங்கோடு கட்டுவதற்கு யாரும் சிரிப்பதில்லையே.

எனக்கு அகோஸ்டாவிடம் பிடித்தது வேறு. பர்மிங்ஹாம் இரும்புத் தொழிற்சாலை ஊர். கிட்டத்தட்ட பெரம்பூர், அம்பத்தூர் மாதிரி. பிளாக் சாபத் என்ற ராக் குழு இங்கே பிறந்தது. அதன் கிடார்காரர் இளம் வயதில் பட்டறை இயந்திரத்தில் விரல்நுனிகளை இழந்தவர். 2023இல் அகோஸ்டா அந்த இரைச்சல் பாட்டுகளை வைத்தே ஒரு பாலே போட வைத்தார். நீளமுடியும் கறுப்பு டி-ஷர்ட்டுமாகக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பாலே தியேட்டர் வாசலையே மிதிக்காத ஆட்கள். நினைத்துப் பாருங்கள், சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு சபாவில் கானாவுக்கு பாலே போட்டால் நம் ஆட்கள் போவார்களா மாட்டார்களா?

எண்ணூர்_காத்து | மாலை 5:02

அக்கா, சட்டி மேளமும் அந்தக் குரலும் வந்துவிட்டால் நான் டைட்ஸ் போட்டுக்கொண்டே வருவேன்.

மொட்டைமாடி_க்ரூ | மாலை 6:15

நான் பி-பாய், அதாவது பிரேக் டான்ஸ் ஆடுகிறவன். இருபத்தாறு வயது, எட்டு வருஷமாக ஆடுகிறேன். எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நான் தரையைப் பற்றிப் பேசுகிறேன்.

மூன்று வருஷம் முன்பு ஒரு டான்ஸ் ஸ்டூடியோவில் கன்டெம்பரரி கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். ஆறு மாதக் கட்டணம் முன்பணம். கண்ணாடி, ஏசி, கலர் லைட் எல்லாம் ஜோர். தரை மட்டும் சிமென்ட் மேல் டைல்ஸ், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. நாலாவது மாதம் முன்காலில் வலி. சூடாக இருக்கும்போது தெரியாது, இரவு படுத்தால் எலும்புக்குள் யாரோ ஸ்பேனர் போட்டுத் திருகுகிற மாதிரி. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "சிமென்ட்ல குதிக்கிறியா?" என்றுதான் முதலில் கேட்டார். மூன்று மாதம் படுக்கை, கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

அதனால் தேனாம்பேட்டையோ எங்கேயோ, முதல்நாள் போய் டீச்சரைப் பார்க்காதீர்கள். தரையைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் ஒரு தட்டு தட்டுங்கள். தொம் என்று சத்தம் வந்து தரை கொஞ்சம் உள்ளே போய் வந்தால் கீழே காலி இருக்கிறது, நல்ல தரை. டப் என்று கால் வலித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நாங்கள் இப்போது சொந்தமாக ஒன்று போட்டிருக்கிறோம், கொடுங்கையூரில் ஒரு தெரிந்தவர் குடோன் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி. ரப்பர் துண்டுகள் மேல் ரீப்பர் கட்டை குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, அதன்மேல் பதினெட்டு எம்.எம். பிளைவுட் இரண்டு அடுக்கு, ஒரு அடுக்கின் ஜாயின்ட் இன்னொன்றின் ஜாயின்ட் மேல் வராமல். கார்ப்பென்டர் அண்ணனுக்குக் கடைசிவரை புரியவில்லை. "தரை ஆடுதுப்பா, ஆணி அடிச்சு இறுக்கிடட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டார். ஆடத்தான் அண்ணா வேணும் என்றால், சந்தேகத்தோடு பார்த்துவிட்டுக் கூலியை முதலில் வாங்கிக்கொண்டார்.

உங்கள் மருமான் வாரநாளில் பயிற்சி செய்ய இடம் வேண்டுமென்றால் அங்கே வரட்டும். காசு வேண்டாம்.

பெரம்பூர்_லோகோ | இரவு 7:30

க்ரூ தம்பி எழுதியதைப் படித்தபோது கை தட்டிவிட்டேன், வீட்டில் திரும்பிப் பார்த்தார்கள்.

விட்ட இடத்திலிருந்து ஒன்று சொல்லணும். அகோஸ்டா ராயல் பாலேவுக்குப் போனதும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. இளவரசன், காதலன் என்றால் வெள்ளைத் தோலோடுதான் பார்த்துப் பழகிய மேடை அது. அங்கே ரோமியோவாக ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த வேடம் வரப் பல வருஷம் ஆயிற்று. மாஸ்கோவின் போல்ஷாய் குழு அவரை விருந்தினராக அழைத்து ஸ்பார்டகஸ் ஆடவைத்தது. ரோமாபுரியில் கலகம் செய்த அடிமைத் தலைவன் வேடம், 1968இலிருந்து போல்ஷாயின் பெருமை. கரும்புத் தோட்ட அடிமைகளின் வம்சத்தில் வந்தவர் அந்தச் சங்கிலியோடு மேடைக்கு வருகிறார். நான் பார்த்தது பதிவுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, நடுவில் காபி ஆறிப்போனது.

கடற்பாலம் நண்பருக்கு ஒரு வார்த்தை. நுரேயேவ் ஓடிப்போனார், 1974இல் இன்னொரு சோவியத் ஆட்டக்காரர் பரிஷ்னிகோவ் டொரண்டோவில் ஓடிப்போனார். அவர்கள் நிலைமை அப்படி, குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அகோஸ்டா வெளியே போனார், ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. வந்து வந்து போனார். 2003இல் தானே ஒரு நாட்டியம் அமைத்து முதலில் ஹவானாவில்தான் ஆடினார். ஒரு கிராமத்துப் பையன் நகரத்துக்கு வரும் கதை. 2015இல் அங்கேயே சொந்தக் குழு தொடங்கினார். லண்டனில் கிடைத்த பெயரை ஹவானாவில் கொண்டுவந்து செலவழித்தார் என்று சொல்லலாம்.

நம் பக்கம் முன்னேறியவர்கள் அண்ணா நகருக்குக் குடிபோனதும் "நார்த் மெட்ராஸா, அங்கே எல்லாம் இப்போ எப்படி இருக்கு?" என்று நம்மிடமே கேட்பார்கள். என் தம்பியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடற்பாலம் | இரவு 7:44

ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனாலும் ராஜா நுரேயேவ்தான்.

வியாசை_நைட்ஷிஃப்ட் | இரவு 11:55

எல்லாவற்றையும் படித்தேன். சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்து லோகோ சார் எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தது. சத்தமே போடாமல் கேட்டது. சாப்பாட்டுக்காக அப்பா கொண்டுபோய் விட்டார் என்ற இடம் வந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, "இங்க போடுவாங்களாடா?" என்றது. என்ன என்றேன். "சாப்பாடுதான். ஸ்கூல் விட்டு ஜீவா ஸ்டேஷன்ல ரயில் புடிச்சு, சென்ட்ரல்ல மெட்ரோ மாறி, ஆடிட்டு வர்றதுக்குள்ள ராத்திரி ஒம்பது ஆயிடும். புள்ள பசியில என்னத்த ஆடுவான்?"

போட மாட்டார்கள் அக்கா என்றேன். "அப்ப ரெண்டு டப்பாவா கட்டணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மீனைக் கழுவ ஆரம்பித்தது. அது சம்மதமா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மாமா எதுவும் பேசவில்லை. நான் அவருக்கு அந்த ஸ்பார்டகஸ் வீடியோவைக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். பிறகு, "இவங்க அப்பன் என்ன வண்டி ஓட்டினான்?" என்று கேட்டார். லாரி என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒன்று கவனித்தேன். அங்கே அப்பா தள்ளினார், பையன் ஓடினான். எங்கள் வீட்டில் பையன் தள்ளுகிறான், அப்பா ஓடுகிறார். பையன் இத்தனை பேச்சையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நின்ற நிலையைப் பார்த்தேன், குதிகால் இரண்டும் ஒட்டி, பாதம் இரண்டும் பக்கவாட்டில் திரும்பி. யூடியூபில் பார்த்திருக்கிறான் போல.

அரைமண்டி | இரவு 11:59

அண்ணா, வீடியோ பார்த்துத் தானாகப் பாதத்தைத் திருப்பவேண்டாம் என்று சொல்லுங்கள். இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் பாதம். டீச்சர் பார்க்கும்வரை வேண்டாம்.

தண்டையார்பேட்டை_பொண்ணு | நள்ளிரவு 12:20

நம் நாட்டுப் பையன்களும் போயிருக்கிறார்கள் அண்ணா. மும்பையில் வெல்டர் மகன் அமிருதீன் ஷா லண்டன் ராயல் பாலே பள்ளிவரை வந்தார். டெல்லியில் இ-ரிக்‌ஷா ஓட்டுகிறவர் மகன் கமல் சிங் பதினேழு வயதில்தான் பாலேவே தொடங்கி, 2020இல் இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளிக்கு வந்தார். கட்டணத்துக்கு இணையத்தில் ஊர் கூடித்தான் பணம் போட்டது. இரண்டு பேருக்கும் காசை எதிர்பார்க்காமல் பிடித்து இழுத்த ஒரு ஆசிரியர் இருந்தார். அந்த மாதிரி ஆள்தானா என்று தேனாம்பேட்டையில் முதலில் விசாரியுங்கள். உதவித்தொகை உண்டா என்று கூசாமல் கேளுங்கள்.

புளியந்தோப்பு_கிளவுஸ் | காலை 6:10

என் கருத்து மாறவில்லை. ஃபுட்பாலை விடவேண்டாம், சர்டிஃபிகேட் வாங்கட்டும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனால் பையனை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், கால் வேலை எப்படி என்று நானும் பார்க்கிறேன். ரிங்கில் நாங்களும் நுனிப்பாதத்தில்தான் நிற்கிறோம், அதை மாமாவிடம் சொல்லுங்கள்.

பெரியமேடு_தோல் | காலை 10:05

இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். பெரியமேட்டில் தோல் வியாபாரம், மூன்றாவது தலைமுறை. ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் யூனிட்டில் பத்து வருஷம் இருந்தவன்.

தம்பி, முதல் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நுனிக்காலில் நிற்க உதவும் கெட்டி முனை ஷூ பொதுவாகப் பெண்களுக்குத்தான். பையன்கள் போடுவது மெல்லிய ஸ்லிப்பர். கடையில் வாங்கினால் விலை, அதுவும் வளர்கிற கால். நான் தைத்துத் தருகிறேன்.

அது பார்க்க எளிது, தைக்க எளிதில்லை. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) முறையில் மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் இதற்கு ஆகாது, விறைப்பு. குரோம் பதனிட்ட ஆட்டுத்தோல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம், உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் துணி மாதிரி விழணும். அடித்தோல் முழு நீளம் வேண்டாம், முன்பாதத்துக்கு ஒரு துண்டு, குதிகாலுக்கு ஒரு துண்டு, நடுவில் வளைவு தெரிய வெறும் மேல்தோல். உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்துவிட்டு, கடைசியில் காலுறையைப் புரட்டுகிற மாதிரி புரட்டணும். விரல் பக்கம் தோலைச் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருக்கி அடித்தோலுக்குள் அடக்கணும், அங்கேதான் கைவேலை. ஒரு மடிப்பு தடித்தாலும் விரல் கொப்பளிக்கும். இடது வலது என்று தனியாகக் கிடையாது. இரண்டும் ஒரே அச்சுக் கட்டையில் இழுப்பது, போட்டு ஆடி ஆடித்தான் எந்தக் கால் எது என்று முடிவாகும்.

காசு பற்றி அப்புறம் பேசலாம். பையனை வெறுங்காலில் பழுப்புத் தாள் மேல் நிற்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரைந்து அனுப்பு. உட்கார்ந்தபடி வேண்டாம், நின்றால்தான் பாதம் விரியும். சாயங்காலத்தில் வரைந்துகொள், காலையில் கால் சின்னதாக இருக்கும்.

வியாசை_நைட்ஷிஃப்ட் | மாலை 6:40

பாய், வரைந்துவிட்டோம். பழுப்புத் தாள் கிடைக்கவில்லை, காலண்டர் தாளின் பின்பக்கம். இடது இருபத்து மூன்றரை சென்டிமீட்டர், வலது இருபத்து நான்குக்கு ஒரு நூல் குறைவு. பந்து உதைக்கிற கால். தாளை மாமாதான் பிடித்துக்கொண்டார், பையன் ஆடினான் என்று இரண்டு தடவை திட்டினார். நாளைக்கு அவருக்கு ஹார்பர் டிரிப் இருக்கிறது, போகிற வழியில் கடையில் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?